நில அதிர்வும் 250 சதுர அடியும்

(குன்னூரில் மாணவர்களும் தோட்டத் தொழிலாளர் குடும்பத்து இளைஞர்களும் கூடிய படிப்பு வட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சுநடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



நிலநடுக்கம் பற்றிப் பேசப்போகிறோம் என்று சொன்னதும் ரெண்டு மூணு பேர் கேட்டாங்க: "நமக்கு ஐப்பசி கார்த்திகை மழைன்னா மண்ணு சரியும். அதைப் பேசாம பூகம்பத்தை எதுக்குங்க பேசறது?" நியாயமான கேள்விதான். மண் சரிவுக்கும் வருவேன். ஆனால் நிலநடுக்கத்தையும் தீண்டாமையையும் முடிச்சுப் போட்டு இந்த நாட்டில் பெரிய விவாதமொன்று நடந்திருக்கிறது. அதற்கும் நாம் உட்கார்ந்திருக்கிற இந்தக் குன்னூருக்கும் ஒரு தொடர்பு இருக்கு. அங்கிருந்து ஆரம்பிக்கிறேன்.

1934 ஜனவரி 15, பிற்பகல் இரண்டு மணி தாண்டிய நேரம். பீகாரும் நேபாளமும் குலுங்கின. ரிக்டர் என்று செய்தித்தாள் போடுகிற எண்ணில் சொன்னால் 8. முங்கேர், முசாபர்பூர் போன்ற நகரங்கள் இடிபாடாக மாறின. வட பீகாரின் வயல்களில் பூமி பிளந்து மணலும் தண்ணீரும் பீய்ச்சி அடித்தது. ஈரமான வண்டல் மண் குலுக்கலில் கூழாகிவிடும். மேலே நிற்கிற வீடு சாய்ந்து அப்படியே உள்ளே இறங்கும். பீகாரில் மட்டும் 7,000 பேருக்கு மேல், நேபாளத்தில் 8,000 பேருக்கு மேல் செத்தார்கள். விளைநிலம் மணல் மூடிப்போனது தனிக்கணக்கு.

அந்த நேரத்தில் காந்தி ஹரிஜன யாத்திரையாகத் தமிழ்நாட்டில் சுற்றிக்கொண்டிருந்தார். ஜனவரி 24 அன்று திருநெல்வேலியில் பேசும்போது, தீண்டாமை என்கிற பாவத்துக்குக் கடவுள் கொடுத்த தண்டனைதான் பீகார் பூகம்பம் என்ற கருத்தைச் சொன்னார். மாதக் கடைசியில் ஓய்வுக்காக எங்கே வந்தார்? இதே குன்னூருக்கு. பிப்ரவரி முதல் வாரம் வரைக்கும் இந்த மலையில்தான் இருந்தார்.

தாகூர் கொதித்துப்போய் மறுப்பு எழுதினார். இயற்கைச் சீற்றத்துக்கு இயற்கையில்தான் காரணம் இருக்கும், மனிதனின் ஒழுக்கத்தோடு அதை முடிச்சுப் போடுவது அறிவுக்கு விரோதம் என்றார். இன்னொன்றும் சொன்னார்: இதே தர்க்கத்தைக் காந்தியின் எதிரிகளும் எடுத்துக்கொள்ளலாமே என்று. அப்படியே நடந்தது. தீண்டாமையை ஒழிக்கக் கிளம்பியதால்தான் பூமித்தாய் கோபித்துக்கொண்டாள் என்று சனாதனிகள் பிரச்சாரம் பண்ணினார்கள். தாகூரின் மறுப்பைக் காந்தி தன் 'ஹரிஜன்' பத்திரிகையிலேயே போட்டார். போட்டுவிட்டுப் பதிலும் எழுதினார். தன் நிலையிலிருந்து இறங்கவில்லை.

இதில் நாம் யார் பக்கம்? பாடப்புத்தகத்தில் 'மகாத்மாவும் குருதேவரும்' என்று இது ரொம்ப அழகான விவாதமாக வரும். இரண்டு பெரிய மனுஷங்க பேசினாங்க. பீகாரின் சமாரும் துசாதும் முசகரும் இந்த விவாதத்தில் எங்கே? தண்டனை என்றால் பாவம் செய்தவனுக்குத்தானே விழணும். முசகரின் மண்சுவர் அவன் பிள்ளை மேல் விழுந்தது எந்தப் பாவத்துக்கு? தஞ்சாவூரில் அக்ரகாரத்து ஓடு ஒன்றுகூட அசையலையே, அங்கே தீண்டாமை இல்லையா? பாவம் பண்ணினது சாதி இந்து. கணக்குத் தீர்க்க வேண்டியது எங்களிடம். நடுவில் கடவுளைக் கூப்பிட்டு, அவரிடம் அடி வாங்கிக்கொண்டு, பாவம் கழிந்தது என்று வீட்டுக்குப் போவது நல்ல ஏற்பாடு. எங்களுக்கு அதில் என்ன கிடைத்தது?

ஆக, காரணம் என்ன என்கிற கேள்வியில் நாம் தாகூர் பக்கம். சந்தேகமில்லை. ஆனால் தாகூரின் பதிலும் பாதியில் நின்றுவிடுகிறது. பூமிக்குச் சாதி தெரியாது, சரி. பூமி குலுங்கி நின்ற அடுத்த நிமிஷத்திலிருந்து நடப்பதெல்லாம் யார் வேலை? அதைத்தான் இன்றைக்குப் பேசணும்.

கொஞ்சம் அறிவியல். இந்திய நிலத்தட்டு வடக்கே ஆசியாவை ஆண்டுக்குச் சுமார் ஐந்து சென்டிமீட்டர் என்று நெட்டித் தள்ளிக்கொண்டிருக்கிறது. நகம் வளர்கிற வேகம்தான். அந்த அழுத்தம் இமயமலை அடிவாரத்தில் சேர்ந்து சேர்ந்து ஒருநாள் பாறை வழுக்கும்போது பெரிய நடுக்கம் வரும். தக்காணமும் நம் மலைகளும் உறுதியான பழம்பாறை. ஆனால் அந்தப் பாறையிலும் பழைய விரிசல்கள் உண்டு. அழுத்தம் இங்கேயும் எட்டும். அபூர்வமாக வரும். வந்தால் யாரும் தயாராக இருக்க மாட்டார்கள்.

நடுக்கம் ஒற்றையாக வருவதும் இல்லை. அது ஒரு தொடர். சில சமயம் முன்னால் சின்ன அதிர்வுகள், அப்புறம் பெரியது, அதன் பின்னால் நாள்கணக்காக, மாதக்கணக்காகப் பின்னதிர்வுகள். பின்னதிர்வுகள் நாளாக ஆகக் குறையும் என்கிற ஒழுங்கை ஜப்பானில் ஓமோரி என்பவர் 1894-லேயே எழுதிவைத்தார். ஆனால் குறையும் என்றால் நின்றுவிடும் என்று அர்த்தமில்லை. முதல் அடியில் விரிசல் விட்ட சுவர், இரண்டாவது சின்ன அடியில் விழும். நேபாளத்தில் 2015 ஏப்ரல் 25 அன்று 7.8, பதினேழு நாள் கழித்து மே 12 அன்று 7.3. நின்றுகொண்டிருந்த பல வீடுகளை இரண்டாவது அதிர்வு படுக்கவைத்தது.

இன்னொரு விஷயம், இதைக் கவனமாகக் கேளுங்க. நடுக்கத்துக்கு இரண்டு அளவுகள் உண்டு. ஒன்று, பூமிக்குள் வெளிப்பட்ட ஆற்றலின் அளவு. ஒரு நடுக்கத்துக்கு ஒரே எண்தான். அந்த எண் ஒன்று கூடினால் ஆற்றல் சுமார் 32 மடங்கு கூடும். மற்றது தீவிரம். அது இடத்துக்கு இடம் மாறும். தீவிரத்தை எதைப் பார்த்துக் குறிக்கிறார்கள்? மனிதர்கள் உணர்ந்ததை, வீடுகள் இடிந்ததைப் பார்த்து. மண்ணும் கல்லும் வைத்துக் கட்டிய வீடு ஒரு வகை, செங்கல் வீடு ஒரு வகை, கம்பி கட்டிய கான்கிரீட் ஒரு வகை என்று பிரித்து, எந்த வகை எவ்வளவு சேதம் என்று அட்டவணை போட்டுத்தான் தீவிரத்தை எழுதுகிறார்கள். அதாவது, 'எவ்வளவு நடுங்கியது' என்று கேட்டால் விஞ்ஞானமே 'யார் எந்த வீட்டில் இருந்தான்' என்று திருப்பிக் கேட்கிறது. இதை நான் ஏதோ அரசியலாகச் சொல்லவில்லை. பொறியாளர் பாடம் அது.

இப்போ லாத்தூருக்கு வர்றேன். 1993 செப்டம்பர் 30, விடியற்காலை நான்கு மணிக்குச் சற்று முன். மராத்வாடாவில் லாத்தூர், உஸ்மானாபாத் மாவட்டங்கள். கில்லாரி என்கிற ஊரைச் சுற்றி. அளவு 6.2 தான். பீகாரோடு ஒப்பிட்டால் ஆற்றலில் சின்னது. ஆனால் செத்தவர்கள் அரசுக் கணக்கிலேயே 8,000-ஐ ஒட்டி. 10,000 என்றும் சொல்வார்கள். விநாயகரைக் கரைத்துவிட்டு வந்து அசந்து தூங்கிய ராத்திரி. அதற்கு முந்தின வருஷம், 1992-இன் பிற்பாதியிலேயே கில்லாரியில் சின்னச் சின்ன அதிர்வுகள் பல வந்திருந்தன. ஜனங்கள் பயந்து போயிருந்தார்கள். அப்போதிருந்த அரசாங்க வரைபடத்தில் அந்தப் பகுதி ஆபத்து மிகக் குறைந்த முதல் மண்டலம். வரைபடத்தில் இல்லாத பயத்துக்கு அதிகாரி என்ன செய்வார்?

அங்கே வசதியான வீடு எப்படி இருக்கும்? கனமான கருங்கல் சுவர். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே வெறும் மண். மேலே மரச்சட்டம் போட்டு அடிக்கணக்கில் மண் கொட்டிய கூரை. வெயிலுக்கு நல்ல குளிர்ச்சி. நடுக்கத்தில் சுவர் இரண்டாகப் பிளந்து பிதுங்க, கூரை மொத்தமாக இறங்கிவிட்டது. நிலம் வைத்திருந்த குடும்பங்கள் அப்படிச் செத்தன. ஊருக்கு வெளியே ஓலையும் புல்லும் வேய்ந்த குடிசைகளில் இருந்தவர்கள் பலர் பிழைத்தார்கள். இதையும் மறைக்காமல் சொல்லணும். எல்லாப் பேரழிவிலும் நாம்தான் அதிகம் சாகிறோம் என்று கணக்குப் பார்க்காமல் பேசுவது நமக்கு வேண்டாம். லாத்தூரில் குடிசையைக் காப்பாற்றியது அதன் கனமின்மை.

ஆனால் கதை அங்கே முடியல. உலக வங்கிக் கடனோடு மறுவாழ்வுத் திட்டம் வந்தது. முற்றிலும் அழிந்த 52 கிராமங்களை வேறு இடத்தில் புதிதாகக் கட்டினார்கள். யாருக்கு எவ்வளவு பெரிய வீடு? விதி இது: நிலமில்லாதவருக்கும் ஒரு ஹெக்டேர் வரை வைத்திருப்பவருக்கும் 250 சதுர அடி. ஒன்றிலிருந்து ஏழு ஹெக்டேர் வரை 400 சதுர அடி. ஏழுக்கு மேல் 750 சதுர அடி.

இன்னொரு தரம் சொல்றேன். 250, 400, 750. குடும்பத்தில் எத்தனை பேர் என்று பார்க்கவில்லை. எத்தனை பேர் செத்தார்கள் என்று பார்க்கவில்லை. என்ன இடிந்தது என்றுகூட இல்லை. எவ்வளவு நிலம் என்று பார்த்தார்கள். மராத்வாடாவில் நிலம் யாரிடம் இருக்கும், மகாருக்கும் மாங்குக்கும் எவ்வளவு இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பழைய ஊரில் சேரி எங்கே என்பது வழக்கத்தால் தீர்மானமானது. புது ஊரில் அதே ஏற்றத்தாழ்வு அரசாங்க உத்தரவாக, கான்கிரீட்டில், சதுர அடிக் கணக்கில் வந்துவிட்டது. இதற்குக் கடவுள் தேவைப்படலை. ஒரு அட்டவணை போதுமானதாக இருந்தது. அதில் 'சாதி' என்ற சொல்லே கிடையாது பாருங்க. ஹெக்டேர் மட்டும்தான் இருக்கு.

மற்றதை வேகமாகச் சொல்கிறேன். குஜராத், 2001 ஜனவரி 26, காலை 8.46. அரசுக் கணக்கில் 13,800 பேர். பூஜ், பச்சாவ் பகுதிகளில் நிவாரண முகாம்கள் சாதிவாரியாகப் பிரிந்து கிடந்ததையும், தலித் முகாம்களுக்கும் முஸ்லிம் முகாம்களுக்கும் கூடாரமும் தண்ணீரும் தாமதமாக வந்ததையும் செய்தியாளர்களும் மனித உரிமை அமைப்புகளும் எழுதினார்கள். நிவாரணத்திலும் இடிந்த வீட்டின் பரப்பு ஒரு அளவுகோல். பெரிய வீடு இழந்தவனுக்குப் பெரிய தொகை. நேபாளம் 2015: வீடு கட்ட 3 லட்சம் நேபாள ரூபாய் உதவி. வாங்கணும்னா நிலப்பத்திரம் காட்டு என்றார்கள். தலைமுறையாக அடுத்தவன் நிலத்தில் குடியிருந்த தலித் எந்தப் பத்திரத்தைக் காட்டுவான்?

நம்ம ஊர் நாகப்பட்டினம். 2004 டிசம்பர் 26, சுமத்ராவுக்கு அப்பால் கடலடியில் நடுக்கம், அளவு 9.1. சுனாமி அதன் விளைவுதானே. அந்த மாவட்டத்தில் மட்டும் 6,000 பேர். படகும் வலையும் இழந்தவர் பட்டியலில் வந்தார். கரையில் கூலி வேலை பார்த்த தலித், உப்பளத்திலும் வயலிலும் வேலை போன தலித், 'பாதிக்கப்பட்டவர்' என்ற சொல்லுக்குள்ளேயே வர ரொம்பப் போராட வேண்டியிருந்தது. ஆனால் பிணம் அள்ள? அதற்கு மட்டும் பட்டியல் தயாராக இருந்தது. வெளியூர் நகராட்சிகளிலிருந்து துப்புரவுத் தொழிலாளர்களை, பெரும்பாலும் அருந்ததியர்களை, லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார்கள்.

இனி நம்ம மலை. இந்த மலையின் பாறை சார்னோகைட். மிகப் பழையது. வடக்கே மாயாறு, தெற்கே பவானி. இந்த இரண்டு ஆறுகளும் ஓடுகிற கோடுகள் பூமிக்குள் பழைய வெட்டுப்பகுதிகள். 1882 பிப்ரவரி 28 அன்று ஊட்டியை ஒட்டி ஓர் அதிர்வு என்று பழைய நிலநடுக்கப் பட்டியல்களில் ஒரு வரி உண்டு. 1900 பிப்ரவரி 8 அன்று கோயம்புத்தூர்–பாலக்காட்டுக் கணவாய்ப் பக்கம் 6-ஐ ஒட்டிய அளவில் வந்தது. தென்னிந்தியாவின் பெரும்பகுதி அதை உணர்ந்தது. லாத்தூர் 6.2, இது கிட்டத்தட்ட 6. நினைவில் வெச்சுக்கோங்க. அப்புறம் நமக்குத் தெற்கே இடுக்கி–கோட்டயம் பகுதியில் 2000 டிசம்பர் 12 அன்று 5. ஒரு மாசம்கூட ஆகலை, 2001 ஜனவரி 7 அன்று 4.8. லாத்தூருக்குப் பிறகு பாடம் படித்து 2002-இல் வரைபடத்தைத் திருத்தினார்கள். முதல் மண்டலம் என்பதையே எடுத்துவிட்டார்கள். நீலகிரியும் கோவையும் அதில் மூன்றாம் மண்டலம். மிதமான ஆபத்து என்று பொருள்.

(கூட்டத்தில் ஒரு தோழர்: "2024-ல வயநாட்டுல மண்ணு சரிஞ்சதுக்கு அப்புறம் பூமி உறுமுச்சுன்னாங்களே, அது பூகம்பமா?")

2024 ஜூலை 30 முண்டக்கை, சூரல்மலை. பந்தலூரிலிருந்து எட்டிப் பார்க்கிற தூரம். பத்து நாள் கழித்து, ஆகஸ்ட் 9 அன்று, வயநாட்டில் சில ஊர்களில் உறுமல் கேட்டு ஜனங்கள் வெளியே ஓடிவந்தார்கள். நிலநடுக்கக் கருவிகளில் எதுவும் பதிவாகலை என்று தேசிய நிலநடுக்கவியல் மையம் சொன்னது. அது பூகம்பம் இல்லை. ஆனால் தோழர் கேட்டதில் ஒரு முக்கியமான விஷயம் இருக்கு. மலையில் இவை இரண்டும் தனித்தனி ஆபத்து இல்லை. 2015-இல் நேபாளத்தில் லாங்டாங் என்கிற கிராமமே மேலிருந்து சரிந்த பனியிலும் பாறையிலும் புதைந்தது. தள்ளிவிட்டது நடுக்கம். நம் மலையில் பாறைக்கு மேல் கனத்த செம்மண் போர்வை. அதில் மழைத்தண்ணீர் ஊறியிருந்தால் தள்ளிவிட யாரும் வேண்டாம். 1978, 1993 மரப்பாலம், 2009. அந்த 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் கொட்டியது. மாவட்டத்தில் 40 பேருக்கு மேல் செத்தார்கள். ஊறிக் கிடக்கிற அந்த நவம்பரில் 1900-இல் வந்த மாதிரி ஒன்று வந்தால் என்ன ஆகும் என்பதுதான் கேள்வி. வரும் என்று பயமுறுத்தவில்லை. நாள் குறிக்க யாராலும் முடியாது, குறிக்கிறவனை நம்பாதீங்க.

லைன் வீட்டைப் பாருங்க. கல்லும் மண்ணும் வைத்த பழைய சுவர், மேலே தகரம். தகரம் நல்லது, கனம் இல்லை. லாத்தூர் குடிசை மாதிரி. ஆனால் சுவர் லாத்தூர் மாளிகைச் சுவர். ஏழைக்கு இரண்டிலும் கெட்டதைப் பார்த்துக் கொடுத்திருக்கிறான் வெள்ளைக்காரத் துரை. சரிவை வெட்டித் தளமாக்கிய இடம், பின்னால் மண்கரை, முன்னால் பள்ளம், பத்து வீட்டுக்கும் ஒரே நீளச் சுவர். ஒரு மூலை இறங்கினால் வரிசையே இறங்கும். துரை பங்களா எங்கே இருக்கும்? மேட்டுச் சமதளத்தில். இடம் தேர்ந்தெடுத்தது பூமி இல்லை.

பெட்டிமுடியை மறந்திருக்க மாட்டீங்க. மூணாறுக்கு மேல், 2020 ஆகஸ்ட் 6 இரவு. நான்கு லயங்கள் மண்ணுக்குள் போயின. 70 பேர். கயத்தாறு, கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து தலைமுறைகளுக்கு முன்னால் போன தமிழர்கள், பெரும்பாலும் தலித்துகள். மறுநாள் கோழிக்கோட்டில் விமானம் விழுந்தது. அதில் செத்தவர் குடும்பத்துக்குக் கேரள அரசு அறிவித்தது 10 லட்சம். பெட்டிமுடிக்கு அறிவித்தது 5 லட்சம். ஒரே மாநிலம், ஒரே வாரம். இதிலும் ஒரு அட்டவணை இருந்திருக்கும்.

இப்போ நம்ம கதை. நம்மில் பாதிப்பேர் 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தில் தலை எண்ணிக் கொண்டுவரப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள். 5,25,000 என்று நம்மைக் கேட்காமல் எண்ணினார்கள். நம் பேரில் டேன்டீ ஆரம்பித்தார்கள். வீடு வேலையோடு ஒட்டியது. வேலை முடிந்தால் வீட்டை விடு. 2022-இல் டேன்டீயின் 2,152 ஹெக்டேரை வனத்துறைக்குத் திருப்பிக் கொடுக்க உத்தரவு வந்தபோது, அதில் யார் குடியிருக்கிறார்கள் என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. கூடலூர், பந்தலூர் பக்கம் ஜென்ம நிலத்தில், 'செக்‌ஷன் 17' என்று பெயர் வைத்த இடத்தில், பட்டா இல்லை, பல வருஷம் மின் இணைப்பும் இல்லை. இந்த வீடுகளில் ஒன்று விழுந்தால் இடிந்தது யார் வீடு? கம்பெனி வீடு. சரிந்தது யார் நிலம்? வனத்துறை நிலம். நஷ்டப்பட்டவர் யார்? பதிவேட்டில் நாம் இல்லை. லாத்தூரிலாவது நிலமில்லாதவனுக்கு 250 சதுர அடி என்று ஒரு வரி இருந்தது. பட்டாவும் இல்லாமல், லைன் வீடும் தனதாக இல்லாமல் இருக்கிறவனுக்கு எத்தனை சதுர அடி?

அதனால நிவாரணத்தை அப்புறம் கேட்கலாம் என்பது நமக்குச் சரிப்படாது. நடுக்கத்துக்கு முன்னாலேயே நாம் பதிவேட்டில் இருக்கணும். வீட்டுமனைப் பட்டா என்பது நமக்குக் கௌரவப் பிரச்சினை மட்டும் இல்லை, பேரிடர் பிரச்சினையும்கூட. அந்தக் கோரிக்கை மனுவில் இந்த நியாயத்தையும் சேர்த்து எழுதணும். கூடவே, லாத்தூருக்குப் பிறகு பொறியாளர்கள் சொன்னதைச் சேர்க்கணும்: கதவு, ஜன்னல் தலைக்கு மேல் சுவரைச் சுற்றிவரக் கம்பி போட்ட கான்கிரீட் பட்டை, கல்சுவரில் உள்ளும் வெளியும் கோக்கிற நீளக்கல், பின்கரைத் தடுப்புச் சுவரில் தண்ணீர் வடியத் துளை. பெரிய செலவு இல்லை. வீட்டுக்காரனே செய்துகொள்ளலாமே என்று அதிகாரி கேட்பார். வீடு யாருடையது என்று நாம் திருப்பிக் கேட்கணும்.

அதுவரை நம் கையால் செய்யக்கூடியது ஒன்று இருக்கு. லைன் லைனாகப் போய் எழுதணும். வீட்டு எண், எத்தனை பேர், எந்த வருஷத்திலிருந்து, ரேஷன் அட்டை உண்டா, சுவரில் விரிசல் எங்கே, எவ்வளவு நீளம், பின்கரை எவ்வளவு உயரம், தண்ணீர் எந்தப் பக்கம் வடிகிறது. விரிசலுக்குப் பக்கத்தில் பென்சிலால் தேதி போட்டு ஒரு போட்டோ. மூணு மாசம் கழிச்சு அதே இடத்தில் இன்னொன்று. கூடியிருக்கிற காலேஜ் பசங்க இருபது பேர் இருந்தா நாலு ஞாயிற்றுக்கிழமையில் முடிச்சிடலாம். வயசான அக்காமாரைக் கேளுங்க, மழையில் எந்தக் கரை முதலில் கசியும் என்று அவங்களுக்குத்தான் தெரியும். அதையும் எழுதுங்க. மூணு பிரதி: ஒன்று லைனில், ஒன்று நம்மிடம், ஒன்று ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கொடுத்து முத்திரை வாங்கணும்.

வர்ற ஞாயிறு காலை எட்டு மணிக்கு ஆரம்பிக்கிறோம். நோட்டு நான் கொண்டு வர்றேன். மேஸ்திரி வேலை செய்றவங்க யாராவது வீட்டில் இருந்தா, அளக்கிற டேப்பை மட்டும் எடுத்துக்கிட்டு வாங்க.